நான்கு சக்கர வேகமும் நம் கைக்கணக்கும்

கேரளத்தின் கிழக்கு எல்லையோரம் தமிழ் பேசும் மக்கள் நிறைந்து வாழும் பகுதிகள் இரண்டு. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய ஊர்கள் அங்குள்ளன. மற்றொன்று, தேயிலையும் ஏலமும் விளையும் இடுக்கி மலைப்பகுதி; மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, பீர்மேடு, குமுளி ஆகியவை அதில் அடங்கும். முதற்பகுதியில் சாலை நேராக ஓடுகிறது. இரண்டாம் பகுதியில் நூறு மீட்டர் நேரான சாலையைக் காண்பதும் அரிது. ஆகவே கார்களைப் பற்றிய விருப்பமும் இவ்விரு பகுதிகளிலும் வேறுபட்டே இருந்து வந்தது. ஆனால், இன்று கார் ஆர்வலர்களான இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரு பகுதியினரும் ஒரே வகை வண்டியின் வருகையை எதிர்நோக்கியிருப்பது தெரிகிறது. சிறிய குடும்பக் காரின் உடலமைப்பும், பந்தயக் காருக்கு நெருங்கிய ஆற்றலும், நான்கு சக்கரங்களுக்கும் அவ்வாற்றல் பகிரப்படும் ஏற்பாடும் கொண்ட ஹேட்ச்பேக் வண்டியே அது.

இத்தகைய வண்டிக்காகக் காத்திருப்பது தவறன்று. அந்தக் காத்திருப்புக் காலத்தை எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பதே நம் வாடிக்கையாளர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.

ஜீப் கற்பித்தது, ராலி மாற்றியது

இடுக்கி மாவட்டத்தாருக்கு நான்கு சக்கர இயக்கம் புதிதன்று. 1947-ஆம் ஆண்டிலேயே மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினர். அந்த மரபில் வந்த ஜீப்புகளே இன்றும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் தனியொரு நெம்புகோலைத் தள்ளினால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுச் சுழலும். சேற்றிலும் கல்லிலும் ஏறுவதற்கு அது மிகப் பொருத்தமானது. ஆனால், காய்ந்த தார்ச்சாலையில் அதே பிணைப்புடன் வளைவில் திரும்பினால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தடுமாறும். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவைக் கடக்க வேண்டியிருப்பதே காரணம்.

வேகத்துக்காக நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தும் எண்ணம் ராலிப் போட்டிகளால் வலுப்பெற்றது. 1980-இல் ஆடி நிறுவனம் வெளியிட்ட குவாட்ரோ, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி தார்ச்சாலையிலும் விரைந்து செல்ல முடியும் என்பதை நிறுவியது. அதன்பின், இத்தாலியின் லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அந்த டெல்டா ஐந்து கதவுகள் கொண்ட ஒரு ஹேட்ச்பேக். வீட்டுக்கு மளிகை வாங்கிவரும் காரின் வடிவில் ஒரு பந்தய வண்டி இருக்கக்கூடும் என்ற ஆசை உலகெங்கும் வேரூன்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த ஆசையின் பிற்காலக் கிளைகளாக ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர், 350 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45, டொயோட்டா ஜிஆர் யாரிஸ் முதலியன வந்தன. 2020-இல் வெளியான ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் மட்டுமே உடைய என்ஜினைக் கொண்டு 250 குதிரைத்திறனுக்கு மேல் வெளிப்படுத்தியது. சிறிய என்ஜினுக்கு வரிச்சலுகை தரும் நாட்டில் வாழும் நம் ஆர்வலர்கள் அதனை வியந்து பேசுவதில் வியப்பில்லை.

ஆர்வலர்கள் எதிர்பார்ப்பது என்ன?

முதல் எதிர்பார்ப்பு, வளைவிலிருந்து வெளியேறும்போது கிடைக்கும் பிடிமானம். முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் காரில் திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் அதே இரு டயர்கள்மீது விழுகின்றன. ஆற்றல் 200 குதிரைத்திறனைத் தாண்டும்போது, நனைந்த சாலையில் அவை தரையைப் பற்றாமல் வெறுமனே சுழலத் தொடங்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் என்ஜினிலிருந்து பின்னோக்கி ஒரு தண்டு செல்கிறது. பின் அச்சின் அருகில் பல தட்டுகள் கொண்ட கிளட்ச் ஒன்று இருக்கும். சக்கரச் சுழற்சியையும் திருப்புகோணத்தையும் உணரிகள் அளந்து சொல்ல, கணினி அந்தத் தட்டுகளை இறுக்கியோ தளர்த்தியோ பின்சக்கரங்களுக்குச் செல்லும் விசையைக் கணப்பொழுதில் மாற்றுகிறது. ஃபோகஸ் ஆர்எஸ் காரில் 70 விழுக்காடு வரை முறுக்குவிசை பின்னோக்கிச் செல்ல இயலும். ஜீப்பின் நெம்புகோல் செய்த வேலையை, இங்கே கணினி அளந்து அளந்து செய்கிறது.

இரண்டாவது, கையால் கியர் மாற்றும் வசதி. தானியங்கி கியர் விரைவானது என்பதை அறிந்திருந்தும், மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைத் தம் கையில் வைத்துக்கொள்ளவே விரும்புகின்றனர். மூன்றாவது, ஐவர் அமரும் இடமும் பெட்டி வைக்கும் இடமும். வார நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் அதே வண்டி உதவ வேண்டும். நான்காவது எதிர்பார்ப்பு விலை. மற்ற மூன்றும் நிறைவேறினாலும் பெரும்பாலானவர்களுக்கு இந்த நான்காவது நிறைவேறுவதில்லை.

நம் நாட்டில் நடந்த மூன்று வரவுகள்

முன்னர் வந்த வண்டிகளின் கதை, இனி வரப்போகும் வண்டிக்காகக் காத்திருப்போருக்குப் பயன்படும்.

2016 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டி, மூன்று கதவுகள், ஏறத்தாழ 26 லட்சம் ரூபாய் விலை. நாட்டுக்கே 99 வண்டிகள்தாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும், எதிர்பார்த்த விரைவில் விற்கவில்லை. அடுத்த ஆண்டே அதன் விலை 20 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறக்கப்பட்டது. முதலில் முந்தியவர்களுக்கும் பொறுத்திருந்தவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் வேறுபாடு.

2021 நவம்பரில் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் வந்தது. 421 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் உடைய உண்மையான விரைவு ஹேட்ச்பேக். காட்சியக விலை 79.50 லட்சம் ரூபாய். ஆர்வலர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் கேட்டவர்களுள் மிகச் சிலருக்கே அது எட்டியது.

2025 மே மாதம் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 53 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமாயிற்று. 265 குதிரைத்திறன், இதுவும் முன்சக்கர இயக்கமே. முதல் தொகுதியின் 150 வண்டிகளும் விலை அறிவிக்கப்படுமுன்னரே முன்பதிவில் தீர்ந்தன. இங்கே காத்திருந்தவர்கள் வாய்ப்பை இழந்தனர். 'ஜிடிஐ வந்துவிட்டது, நான்கு சக்கர இயக்கமுள்ள ஆர் எப்போது வரும்?' என்ற கேள்வியும் உடனே எழுந்தது.

ஒரு வரவில் பொறுத்தவர் பயனடைந்தார். மற்றொரு வரவில் முந்தியவர் பயனடைந்தார். ஆகவே சந்தையின் போக்கைக் கணித்து முடிவெடுப்பது நம்பத்தக்க வழியன்று. 'இப்போது விட்டால் கிடைக்காது' என்ற அச்சமும் நல்ல வழிகாட்டியன்று. நம் வருமானம் ஒன்றே நாம் உறுதியாக அளந்து பார்க்கக்கூடியது.

முதல் தொகுதியை வாங்குவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டு வந்த ஃபோகஸ் ஆர்எஸ் வண்டிகள் சிலவற்றில் பொருந்தாத சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்து, 2018-இல் நிறுவனமே அதனை மாற்றித்தர நேர்ந்தது. அதே ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும், மறைமலைநகர்த் தொழிற்சாலை ஓய்ந்ததையும் நாம் அறிவோம். குறைந்த எண்ணிக்கையில் இறக்குமதியாகும் வண்டியை வாங்குமுன், பணிமனை எங்குள்ளது, உதிரிப்பாகம் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுத் தெளிவது நன்று. மூணாற்றிலிருந்து கொச்சிக்கோ கோவைக்கோ இழுவை வண்டியில் கொண்டு செல்லும் செலவும் வண்டியின் செலவே.

விலைச்சீட்டுக்கு அப்பால்

முழுதும் வெளிநாட்டில் தயாராகி வரும் காருக்கு அதன் மதிப்பைப் பொறுத்து 70 முதல் 110 விழுக்காடு வரை சுங்கம் விதிக்கப்பட்டு வந்துள்ளது. அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 கன செ.மீ.க்கு உட்பட்ட பெட்ரோல் என்ஜினும் உடைய கார்களுக்கு 18 விழுக்காடும், பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும் வரியாக உள்ளன. நாம் பேசும் வண்டிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவையெல்லாம் காட்சியக விலையில் அடங்கிவிடும். அதற்கு மேற்பட்டவற்றைப் பார்ப்போம். கணக்குக்காக வண்டியின் விலையை 50 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். உயர்விலைக் கார்களுக்கு மாநிலச் சாலை வரி, கேரளத்திலும் தமிழகத்திலும் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதாவது சுமார் 10 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் மூலத்தில் வசூலிக்கப்படும் வருமான வரி 1 விழுக்காடு, 50,000 ரூபாய். இதனைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். காப்பீட்டுக் கட்டணத்தைச் சேர்க்காமலேயே தொகை 60 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

இதில் 40 லட்சம் கடனாகப் பெறுவதாகவும், வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஐந்தாண்டுக் காலத்துக்கு மாதத் தவணை சுமார் 83,000 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 9.8 லட்சம். ஏழாண்டுக் காலமாக நீட்டினால் தவணை சுமார் 64,400 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 14 லட்சத்தைத் தாண்டும். தவணை குறைந்தது என்று மகிழ்பவர், கூடுதலாகச் செலுத்தும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையையும் சேர்த்தே எண்ண வேண்டும். சிறிய கடனுக்கும் கணக்கு இதுவே: ஒவ்வொரு லட்சத்துக்கும் ஐந்தாண்டில் சுமார் 2,076 ரூபாய், ஏழாண்டில் சுமார் 1,609 ரூபாய்.

மறுபுறம், வண்டியின் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிட வழங்கிவரும் அட்டவணைப்படி, மூன்றாண்டு கடந்த வண்டிக்கு 40 விழுக்காடும், நான்காண்டு கடந்த வண்டிக்கு 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். 50 லட்ச ரூபாய் வண்டி நான்காம் ஆண்டில் 30 லட்சமாக மதிக்கப்படும். செலுத்திய சாலை வரியோ அந்த மதிப்பில் சேராது.

ஏலக்காயும் மாதத் தவணையும்

நம் பகுதியில் மாதச் சம்பளக்காரர்களைவிட வேளாண்மையையும் வணிகத்தையும் நம்பி வாழ்வோர் மிகுதி. ஏலக்காய் விலை ஏறிய ஆண்டில் மலையில் புதிய வண்டிகள் மிகுதியாக ஓடத் தொடங்குவதை யாவரும் கண்டிருப்பர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றாண்டு முடிவதற்குள் அது 1,000 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2019-இன் விலையை நம்பி ஏழாண்டுத் தவணைக்கு ஒப்பமிட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தின் வருமானம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிய மாதத்திலும் தவணை ஒரு ரூபாயும் சுருங்காது. அப்போது உரம் வாங்கும் பணமும், தொழிலாளர் கூலியும், பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் வண்டியின் பெயரால் தள்ளிப்போகும். தவணை தவறினால் கடன் மதிப்பெண்ணும் குறையும். பின்னர்த் தோட்டத்துக்கென்று கேட்கும் கடனுக்கும் அது தடையாகும்.

ஆகவே பருவ வருமானம் உடையவர்கள், நல்ல ஆண்டின் வருமானத்தை வைத்தன்றி, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் மிக மோசமான ஆண்டின் வருமானத்தை வைத்தே தவணையை முடிவு செய்ய வேண்டும். விளைச்சலும் விலையும் கூடிவந்த ஆண்டில் கடனின் ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்தலாம். அதற்குரிய நிபந்தனைகளைக் கடன் பெறும்போதே கேட்டறிவது நலம்.

இரு மாநிலங்களில் கால் வைத்தவர்களுக்கு

மூணாற்றில் கடையும் போடிநாயக்கனூரில் வீடும், கொழிஞ்சாம்பாறையில் தோப்பும் பொள்ளாச்சியில் வீடும் உடையவர்கள் நம் வாடிக்கையாளர்களுள் பலர். வண்டியை எந்த மாநிலத்தில் பதிவு செய்வது என்ற ஐயம் அவர்களுக்கு எழும். வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே பதிவு செய்வதே முறை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. வரியைக் குறைக்கப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த உயர்விலைக் கார்கள் குறித்துக் கேரளத்தில் 2017-இல் எழுந்த விசாரணைகள் பலருக்கும் நினைவிருக்கும். கடன் விண்ணப்பம், பதிவுச் சான்று, காப்பீடு ஆகிய மூன்றிலும் முகவரி ஒன்றாக இருப்பது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும். மறுபதிவுக்குக் கடன் தந்த வங்கியின் தடையின்மைச் சான்று தேவை என்பதையும் மறவாதீர்.

மலைச்சாலையின் விதி

நான்கு சக்கர இயக்கம் வண்டியைப் புறப்படச் செய்யவும் இழுத்துச் செல்லவும் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உள்ளது. பிடிமானத்தின் எல்லையை முடிவு செய்பவை டயர்களும் சாலையின் ஈரமுமே. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆக உயர்ந்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு இரண்டேகால் மடங்காகும். போடிமெட்டு இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளிலும், மூடுபனி இறங்கிய தேவிகுளம் கேப் சாலையிலும், யானை குறுக்கிடும் சின்னாற்றுக் காட்டுவழியிலும் இந்தக் கணக்கு எந்தக் கணினியாலும் மாறுவதில்லை. எளிதில் வேகம் பிடிக்கும் வண்டி, சாலை வழுக்குகிறது என்பதை ஓட்டுநருக்குத் தாமதமாகவே உணர்த்தும் என்பது கூடுதல் ஆபத்து.

இத்தகைய வண்டிகளின் அடிப்பாகம் தாழ்வானது. டயரின் பக்கச்சுவர் மெல்லியது. மழைக்காலப் பள்ளம் ஒன்று டயரையும் சக்கரத்தையும் சேர்த்துச் சேதப்படுத்தலாம். வழக்கமான காப்பீட்டில் டயர், நெகிழிப் பாகங்கள் ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழித்தே இழப்பீடு தரப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு இருந்தாலும், டயருக்கு அது பொருந்துமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்கு வழக்கமான காப்பீடு பொருந்தாது.

புதிய வண்டி எட்டாதபோது, இருக்கும் காரை மாற்றியமைத்து ஆற்றலைக் கூட்டும் எண்ணம் சிலருக்கு வருகிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீடு கேள்விக்குறியாகும்.

வேகத்துக்கென்று ஓர் இடம் நம் எல்லையை ஒட்டியே இருக்கிறது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-இல் தொடங்கப்பட்ட காரி மோட்டார் ஸ்பீட்வே, குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்த கோவையின் கரிவரதன் பெயரைத் தாங்கியது. வேகத்தில் ஆர்வம் உள்ளவர், தகுந்த பயிற்சியுடன் அத்தகைய களத்தில் ஓட்டிப் பார்ப்பதே தமக்கும் எதிரே வருபவருக்கும் நல்லது.

வாங்குமுன் ஒரு தவணை ஒத்திகை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பர் நம் பெரியோர். விரும்பிய வண்டி வரும்வரை உள்ள காலத்தில் அளந்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. எதிர்பார்க்கும் வண்டிக்கு எவ்வளவு கடன் தேவைப்படும் என்று மதிப்பிட்டு, அதற்குரிய மாதத் தவணையையும், அதனுடன் எரிபொருள், காப்பீடு, டயர் ஆகியவற்றுக்கான மாதப் பங்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். அத்தொகைக்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, ஓராண்டுக் காலம் தவறாமல் செலுத்துங்கள். பருவ வருமானம் உடையவர்கள் விளைச்சல் இல்லாத மாதங்களும் அடங்குமாறு முழு ஆண்டும் செலுத்திப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மாதங்களும் வீட்டுச் செலவு குறையாமலும், கைமாற்று வாங்காமலும் செலுத்த முடிந்தால் அந்த வண்டி உங்கள் அளவுக்குள் இருக்கிறது. மாதம் 64,000 ரூபாய் செலுத்தியவரிடம் ஆண்டிறுதியில் வட்டி நீங்கலாக 7.68 லட்சம் சேர்ந்திருக்கும்; கடன் அந்த அளவுக்குக் குறையும். பத்து லட்சம் கடனில் எளிய கார் வாங்க எண்ணி மாதம் 16,000 ரூபாய் செலுத்தியவரிடம் 1.92 லட்சம் இருக்கும். ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ செலுத்த இயலாமற்போனாலும் இழப்பு பெரிதன்று. சேர்த்த பணம் உங்களுடையதாகவே இருக்கும்; உண்மைத் தவணையில் அதே நிலை நேர்ந்திருந்தால் கடன் நிலுவையாகியிருக்கும்.

எதிர்பார்த்த வண்டி இந்தியாவுக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் விலை உயரலாம், இறங்கலாம். ஒத்திகைக் கணக்கில் சேர்ந்த பணம் எந்நிலையிலும் பயன்படும். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே உங்கள் கிளைக்கு வந்து அக்கணக்கைத் தொடங்கலாம். வண்டியைப் பற்றிய உங்கள் எதிர்பார்ப்புகளையும் அப்போது எங்களிடம் சொல்லுங்கள். தவணையைக் கணக்கிட அதுவே முதற்குறிப்பு.